பூனையும் தயிர்ச்சோறும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்னவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவருக்கு நான்கு கால்கள். ஒரு வாலும் உண்டு.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பூனைக்குட்டிகள் நனைந்து கத்திக்கொண்டிருந்தன. தாய்ப் பூனை தெருவில் வண்டியில் அடிபட்டு இறந்ததை முதல் நாளே கண்டிருந்தோம். என் மனைவி அவற்றைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுவந்தாள். "பள்ளிக்கூடத்தில் மேய்த்தது போதாதா?" என்று முணுமுணுத்தேன். அன்றிரவே ஒரு குட்டி என் மடியில் உறங்கிவிட்டது. என் முணுமுணுப்பும் அதனோடு உறங்கிற்று.

எங்கள் வீட்டில் சைவ உணவுதான். ஆகவே குட்டிகளுக்குப் பாலும் தயிர்ச்சோறும் ஊட்டினோம். நல்ல வீட்டில் வளரும் பூனை நல்ல பழக்கம் பழகும் என்று வருவோர் போவோரிடம் பெருமையும் பேசினேன். சில வாரங்களில் குட்டிகள் மெலிந்தன; வயிறு கழிந்தது; மயிர் பொலிவிழந்தது. ஒரு நாள் விடியற்காலையில் சிறிய குட்டி எழவே இல்லை. அதை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, மற்றதைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

மருத்துவர் இளைஞர். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, நாய் சோறு தின்றும் ஓரளவு வாழும், பூனை அப்படியன்று. அது ஊனுண்ணும் உயிர். டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள அதன் உடலால் இயலாது. மீனிலும் இறைச்சியிலும்தான் அதைப் பெறவேண்டும். நெடுநாள் கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பசுவின் பாலும் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. உங்கள் நோன்பு உங்களுக்கு. அதன் உடல் அதற்கு."

மறுநாள், வாழ்நாளில் முதன்முறையாக, மீன் கடைக்குச் சென்றேன். "வாத்தியார் ஐயாவா! மீன் யாருக்கு?" என்று வியந்தார் கடைக்கார அம்மையார். "பூனைக்கு" என்றேன். "எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவர் சிரித்தார். கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, மீனை வேகவைத்து, முள் நீக்கி வைத்தோம். பத்து நாளில் குட்டி எங்கள் மாமரத்தில் ஏறிவிட்டது.

அன்று முதல் இன்பமும் தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. நான் செய்தித்தாளை விரித்தால், படிக்கும் பத்தியின்மேல்தான் அது படுக்கும். என் சாய்வு நாற்காலியின் துணி கிழிந்து நாராகிவிட்டது. நான்கு மணிக்கே என் மூக்கைத் தட்டி எழுப்பும். செத்த பல்லியைக் காலடியில் பரிசாக வைக்கும். ஒரு பண்டிகை நாளில் பாயசம் வைத்தோம்; முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இனிப்பை உணர்த்தும் மரபணு ஒன்று பூனையினத்தில் செயலற்றிருப்பதை ஆராய்ச்சியாளர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர் என்று பிறகு படித்தேன். சுவை தெரியாத நாவின்மேல் கோபித்து என்ன பயன்?

முல்லையின் அரும்பைக் காட்டுப்பூனையின் சிரிப்புக்கு ஒப்பிட்டார், குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார். அதைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கினேன். எங்கள் பூனை ஒரு மாலையில் கொட்டாவி விட்டபோது, அதன் சிறிய வெண்பற்களைக் கண்ட பிறகுதான் எனக்கே விளங்கிற்று.

நண்பர்களே, இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதன்று. என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் கருத்தில்லை, கையில் பென்சில் கிடைத்தால் மாடும் மரமும் தாளில் எழுந்து நிற்கும். அவன் நன்மைக்கென்றே எண்ணி, அந்தப் படங்களைப் பிடுங்கிக்கொண்டு வாய்பாட்டை நூறு முறை எழுதச் செய்தேன். பத்தாம் வகுப்பின் நடுவில் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். முருங்கை மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் அவன் முகம் நினைவுக்கு வருகிறது. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே தயிர்ச்சோற்றை ஊட்டியதுதான் என் பிழை. அதையும் அன்பென்றே நம்பினேன்.

நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுவதைப் பிறருக்குக் கொடுப்பது எளிது. அவர்க்கு வேண்டுவது எது என்று கேட்டறிவது அரிது. நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், பலர் பெற்றோராவீர்கள். அப்போது ஊட்டுவதற்கு முன்பு சற்றே உற்றுப் பாருங்கள்.

இன்னும் எழுத எண்ணியிருந்தேன். ஆனால் ஆசிரியர் வந்து தாளின்மேல் அமர்ந்துவிட்டார். மீன் வேகவைக்கும் நேரமாயிற்று.