மூத்த திருப்பதிகத்தின் இசை



தொண்டை நாட்டுத் தலங்களை வழிபட்டு வந்த திருஞானசம்பந்தப் பெருமான், திருவாலங்காட்டை அணுகியபோது ஊரினுள் அடிவைக்க அஞ்சினார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் அது. ஆதலின் அயலூரில் இரவு தங்கினார் என்றும், ஆலங்காட்டப்பர் கனவில் தோன்றித் தம்மைப் பாட மறந்தனையோ என வினவினார் என்றும் சேக்கிழார் அருளுவர்.

பிள்ளையார் அஞ்சியது அம்மையாரின் தவத்தைக் கருதி என்பது வெளிப்படை. ஆயின், அவரிடம் தேவாரம் பட்ட இசைக்கடன் ஒன்றும் உண்டு. அதனை எண்ணுவார் சிலரே. அறுபத்துமூவருள் மூவர் பெண்மணிகள். அம்மூவருள் பாடல் அருளியவர் அம்மையார் ஒருவரே. கி.பி. 6-ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஆலங்காட்டில் அவர் பாடிய இரு பதிகங்களுள் முன்னது நட்டபாடைப் பண், பின்னது இந்தளம். சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை பாடிய முதற் பதிகமும் அந்நட்டபாடையே அன்றோ! பதினொரு பாடல்களாக அமைத்து, இறுதியில் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் சொல்லி முடிக்கும் முறையும் அம்மையாரிடமே முன்னர்க் காணப்படுகிறது. தேவாரத்திற்கு முற்பட்டமையால் அவை 'மூத்த' திருப்பதிகங்கள் ஆயின.

அவர்தம் இசைப்புலமைக்கு முதற் பதிகத்துப் பாடல் ஒன்றே சான்று. துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி எனச் சுரப்பெயர்கள் வருகின்றன. தொடர்ந்து சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை எனக் கருவிகள் அணிவகுக்கின்றன. அரண்மனை அரங்கில் முழங்க வேண்டிய இன்னியம் அத்தனையும் முழங்கும் இடம் சுடுகாடு! இசையைக் கற்றுத் துறைபோகாதார் இங்ஙனம் பாடுதல் இயலாது.

இக்காலத்தே பழம் பதிகங்களுக்குப் புதுமெட்டு அமைப்போர் உளர். அது குற்றமன்று. சம்பந்தரும் அம்மையார் ஆண்ட பண்ணிலேதான் புதுப்பாடல் தொடங்கினார். ஆயினும் கள்ளியும் நரியும் பேயும் நிறைந்த பாட்டைத் தாலாட்டெனக் குழைத்துப் பாடினால் அதன் உயிர் போய்விடும். ஓதுவார்கள் இன்று கம்பீர நாட்டையில் பாடும் நட்டபாடையின் மிடுக்கு அதற்கு வேண்டும். கூத்தன் அடிபெயர்க்கும் தாளமும் கேட்போர் செவிக்கு எட்டவேண்டும்.

குடமுழுக்கு விழாக்களில் தேவாரம் ஒலிக்கும் அளவிற்கு மூத்த திருப்பதிகம் ஒலிப்பதில்லை. திருமுறை விண்ணப்பத்திற்குப் பொருளுதவும் செல்வர்கள், அந்த 22 பாடல்களையும் பண்முறை வழுவாது பாட ஆண்டில் ஒரு நாளேனும் வகைசெய்யலாம். அம்மையாரின் குருபூசைத் திருநாளாகிய பங்குனிச் சுவாதி அதற்கு ஏற்றது.