அடியில் இருக்கும் குரல்



1934-இல் பினாங்கு வானொலிச் சங்கத்தார் இசட்.எச்.ஜே. நிலையத்திலிருந்து மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பினார்கள். அன்று ஒலிவாங்கி முன் பேசியது பேசியதுதான். பிறகு வந்த ஒலிநாடாவில் திருத்திப் பதியலாம். ஆனால் புதியது பதியும்போதே பழையது அழிந்துவிடும். கணினியில் பல ஒலிப்பதிவு மென்பொருள்களில் அப்படியில்லை. இதை இன்னும் பலர் அறியவில்லை.

பினாங்கு ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில் ஒரு பாட்டியின் துறைமுக நினைவுகளைப் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுவே மகா மாரியம்மன் ஆலய மணி ஒலிக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் கடக்கிறது. "இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி" என்கிறோம். இரண்டாவது பதிவு அதே தடத்தில் முதல் பதிவின் மேல் அமர்கிறது. திரையில் மேலே உள்ளது மட்டுமே தெரிவதால், முதலாவது போய்விட்டது என்று நினைக்கிறோம். அது தனிக் கோப்பாக வட்டில் பத்திரமாக இருக்கிறது.

அதைப் பார்ப்பது எளிது. ஆர்டோர் மென்பொருளில் தடத்தின் பெயர்மேல் வலது சொடுக்கி, அடுக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ரீப்பர் மென்பொருளில் கண்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தி, தடத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். ஒரே இடத்தில் எடுத்த பதிவுகள் வரிசையாக விரியும். ஒடாசிட்டி மென்பொருளில் ஒரே தடத்தில் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் தனித் தடம் வையுங்கள்.

முதல் பதிவை ஏன் தேட வேண்டும்? மறுபடி சொல்லச் சொன்னால் பெரியவர்கள் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். மலாய், ஹொக்கியன் சொற்கள் கலந்த பினாங்குத் தமிழ் ஒதுங்கி, மேடைத் தமிழ் வந்துவிடும். முதலில் தயங்கித் தேடிச் சொன்ன கப்பலின் பெயர் இரண்டாவது முறை விடுபட்டுப்போகும். ஒலி சுத்தமாக இருக்கும், செய்தி குறைந்திருக்கும். இரண்டு பதிவுகளையும் விரித்து வைத்துக் கேட்டால், நல்ல வாக்கியங்களை இரண்டிலிருந்தும் எடுக்கலாம். மூச்சு விடும் இடத்தில் வெட்டி, ஓரங்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணைத்தால் ஒட்டுத் தெரியாது.

பெரியவர்களின் குரலைச் சேகரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயன்படாத கோப்புகளை நீக்கும் கட்டளையை, அந்தக் கோப்புகளைக் கேட்டுப் பார்க்காமல் அழுத்தாதீர்கள். முடிந்த ஒலியை மட்டுமல்ல, முழுக் கோப்புறையையும் இன்னொரு வட்டில் சேமித்து வையுங்கள். நமக்கு வேண்டாததென்று தோன்றும் பதிவில்தான் பேரப்பிள்ளைகள் தேடும் செய்தி இருக்கக்கூடும்.