அபராதச் சீட்டும் நமது உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வெள்ளிமலைக்குச் சென்று புளியும் கடுக்காயும் வாங்கி வரும் வியாபாரிகள் நம்மில் பலர். கச்சிராயபாளையம் சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டும் சகோதரர்களும் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தலைக்கவசம் அணியாமல் சென்றதாக என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. குறிப்பிட்டிருந்த ஊருக்கு நான் சென்றதே இல்லை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் இக்குற்றத்திற்கான அபராதம் ரூ.100-இலிருந்து ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. "அலைவதைவிடக் கட்டிவிடலாம்" என்று எண்ணினேன். என் மனைவியோ, "செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்வதும் பொய்தானே?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

பரிவாகன் இணையதளத்தில் படத்தைப் பார்த்தபோது, அதில் இருந்தது வேறொரு வண்டி. எண்ணில் 3 என்பது 8 எனப் பதிவாகியிருந்தது. பதிவுச் சான்றின் நகலையும் என் வண்டியின் புகைப்படத்தையும் இணைத்து, சீட்டு வழங்கிய அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றேன். சில வாரங்களில் சீட்டு ரத்தானது.

இதிலிருந்து நான் கற்றவை சில. முதலாவது, அவசரப்பட்டுப் பணம் கட்டலாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்தியதும் விவகாரம் முடிந்துவிடும். பிறகு வாதாட இடமில்லை. இரண்டாவது, சீட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. அது நீதிமன்றம் வரை செல்லக்கூடும். மூன்றாவது, வண்டி எண், நாள், நேரம், இடம், சட்டப்பிரிவு, படம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கேமரா மூலம் வழங்கும் சீட்டில் இவ்விவரங்கள் இருக்க வேண்டுமென்று 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி வகுத்தது.

மனு பலிக்காவிட்டால் நீதித்துறை நடுவர் முன் குற்றத்தை மறுக்கலாம். "வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். ஏழைக்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு. அதற்கென 1987-இல் இயற்றப்பட்டதே சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எதுவாயினும் உதவி பெறலாம். பிறருக்கு வருமான வரம்பு உண்டு. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும், அவ்வளவே. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் நம்மோடு வணிகம் செய்பவர்கள். நம் சரக்கை ஏற்றி வருபவர்கள். இவ்வுரிமை தமக்கு உண்டென்று அறியாத மலைவாசி ஓட்டுநருக்கு இதை எடுத்துச் சொல்வதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமையே.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. குற்றமே செய்யாதவர் இதை உணர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இளைஞர்களே, இன்னொரு பக்கமும் உண்டு. தவறு நம்முடையதாயின் வாதாட வேண்டாம். தலைக்கவசமின்றிச் சென்றுவிட்டு வழக்காடுவதும், வழியில் கையூட்டுக் கொடுத்துத் தப்புவதும் நமக்கு ஆகாதவை. தமக்கே எதிராக அமைந்தாலும் உண்மைக்குச் சாட்சியாக நிற்கவே திருமறை பணிக்கிறது. குற்றம் செய்தால் கட்டுவோம், செய்யாவிட்டால் மறுப்போம். இரண்டும் ஒரே நேர்மைதான்.

வல்ல இறைவன் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக!