நம்பி ஒப்படைத்த அத்தியட்சர்



விசுவாசத்தில் வளர்தல், சபையில் பிறரை நடத்துதல் என்னும் இரண்டையும் வேறுவேறு பருவத்துக்கு உரியனவாகக் கருதி, முன்னது முற்றிய பின்னரே பின்னதைத் தொட வேண்டுமென்று எண்ணுவது நம்மிடையே வெகுகாலமாக ஊறிப்போன வழக்கம். அவ்வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டில் ஒரு கிராமக் குருவானவரின் மைந்தராகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களின் ஊழியத்தை அறிந்த எவரும் அதனை ஒப்புக்கொள்ள இயலாது.

இந்தியப் பணத்தாலும் இந்திய ஊழியர்களாலும் இந்திய நிர்வாகத்தாலுமே நடைபெறும் ஒரு மிஷனெரி சங்கம் 1903-இல் திருநெல்வேலியில் தோன்றியபோது அதன் ஸ்தாபகருள் ஒருவராய் நின்ற அவர், 1909-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டம் ஏற்று, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, முப்பத்தைந்தாம் வயதை ஒட்டிய அக்காலத்தில் தெலுங்கு மொழியைப் பயின்று ஊழியம் செய்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவின் பரி. பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அவர் அபிஷேகம் பெற்றார். அதற்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. இந்தியன் அப்பொறுப்புக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று வெள்ளைக்கார மிஷனெரிமார் சிலர் வாதித்தனர். வருந்தத்தக்க விஷயம், நம்மவரிலும் சிலர் அவ்வாறே எண்ணினர். காத்திரு என்னும் சொல் எத்துணைப் புண்படுத்தும் என்பதைத் தம் அனுபவத்தில் உணர்ந்திருந்தவர், தம் மந்தையில் எவரிடமும் அதனைச் சொல்லத் துணியவில்லை.

அம்மந்தை யாது? மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த, பெரும்பாலும் எழுத்தறியாத, நிலவுடைமையாளரின் கழனிகளில் கூலிக்கு உழைத்துக் களைத்த ஏழை மக்கள். ஞானஸ்நானம் பெறும்போது அவர்கள் தம் கையைத் தம் தலைமீது வைத்து, நற்செய்தியை அறிவியாதிருப்பது தமக்குக் கேடு என்னும் பொருள்பட உறுதி கூறும்படி அவர் செய்வித்தார். சகோதரரே, இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டுகிறேன். வேதாகமத்தை எழுத்துக்கூட்டியும் வாசிக்க அறியாத ஒரு மனிதன், நேற்றுவரை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவன், திருச்சபைக்குள் பிரவேசிக்கும் அந்த நாளிலேயே பிறருக்குக் கொடுக்கும் கடனுடையவனாகிறான்! பிறரிடமிருந்து பெறுவதற்கு மட்டுமே பழக்கப்படுத்தப்பட்டவனுக்கு இதனினும் மேலான கௌரவத்தை யார் அளித்தார்கள்? சாட்சி வாரம் என்று ஆண்டுதோறும் குறிக்கப்பட்ட நாட்களில், சாதாரண சபை மக்களே அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று, தாங்கள் அறிந்த அளவில் ஆண்டவரைப் பற்றிப் பேசினர். பேசியவர்களுடைய விசுவாசமே அதனால் முதலில் வேரூன்றியது என்பது என் துணிபு. ஏனெனில் அயலான் கேட்கும் கேள்விக்கு விடை தேடுகிறவன், தான் அதுவரை நினையாதவற்றையெல்லாம் ஜெபத்தோடு நினைக்கக் கட்டாயப்படுகிறான்.

இத்தகைய வறியவரிடம் அவர் காணிக்கையும் கேட்டது கொடுமையல்லவா என்று கேட்பவருண்டு. உலையில் இடும் அரிசியில் ஒரு கைப்பிடியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைக்கும் தாய், தன்னைத் தரித்திரம் தின்ற பிச்சைக்காரியாகக் கருதாமல், சபையைத் தாங்குகிறவளாகக் கருதத் தொடங்குகிறாள். அந்த மாற்றத்துக்கு விலை கூற இயலாது. அசரியா அவர்களின் துணைவியார் அன்பு மரியம்மாள், கல்லூரிக் கல்வி கண்ட அந்நாளைய மிகச் சில கிறிஸ்தவப் பெண்மணிகளுள் ஒருவராயிருந்தும், அத்தகைய கிராமப் பெண்களின் நடுவே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

பக்குவமற்றவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் பிழை நேராதா என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அசரியா அவர்கள் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவர் அல்லர். கிராம உபதேசியார்களை ஒருங்கு கூட்டிக் கற்பித்தார். கிராமம் கிராமமாகப் பிரயாணம் செய்து சபைகளை விசாரித்தார். 1945 ஜனவரி முதல் நாளன்று தோர்ணக்கல்லில் மரிக்கும்வரை அப்பணியில் தளர்ந்தாரில்லை. இவ்வாறு கூடவே நடக்கும் பொறுமை இல்லாதவருக்கே பிறரை நம்புவது அபாயமாகத் தோன்றும்.

இங்கே வீற்றிருக்கும் மூப்பர்களே, உங்களை உரிமையோடு கேட்கிறேன். உங்கள் சபைகளில் ஜெபக்கூட்டத்தை ஆண்டாண்டாக ஒருவரே நடத்துகிறார். வேதபாடத்தை ஒருவரே போதிக்கிறார். திடப்படுத்தல் பெற்ற வாலிபரோ அசனத்துக்குப் பந்தி பரிமாறுவதோடு நிற்கின்றனர். வருகிற ஞாயிறு மாலைக் கூட்டத்தை அவர்களுள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் தடுமாறினால், கூட்டம் கலைந்தபின் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து உடனிருந்து பேசுங்கள். அடுத்த வாரமும் அவரிடமே கொடுங்கள்.