பாலில் இறங்கும் கருவி

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நோயைக் காண டாக்டர் உடம்புக்குள் கருவி செலுத்துகிறார். ஆழம் காண மாலுமி கடலில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கினான். நம் பால் கொட்டகையிலும் அப்படியொரு கருவி உண்டு. அதுதான் மெட்ரோலாக். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெயரிலேயே ஒரு மெட்ரோலாக் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ரப்பரை அது அளந்து சொல்கிறது. பல இடங்களில் நம் கூலியையும் அதுவே சொல்கிறது.

மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மெட்ரோலாக் ஆழ்ந்து இறங்கும்; தண்ணீர் மிகுந்தால் மேலே எழும்பி நிற்கும். தண்ணீர் ஊற்றிப் பாலைக் கூட்டலாம் என்று எண்ணுபவரை அது காட்டிக் கொடுத்துவிடும்.

பால் கெட்டியாக இருப்பதால், ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, கண்ட எண்ணை மூன்றால் பெருக்குகிறோம். தோழர்களே, இங்கேதான் கவனம் வேண்டும்! பிழையும் மூன்று மடங்காகிறது. 100 என்பதை 95 என்று படித்தால், லிட்டருக்கு 300 கிராம் என்பது 285 ஆகிவிடும். 20 லிட்டர் பாலில் 300 கிராம் ரப்பர் போயிற்று. 26 நாள் வேலையில் 7.8 கிலோ! உலர்ந்த ரப்பரின் எடைக்குக் கூலி போடும் இடத்தில், இது யார் வீட்டு அரிசி?

நான் கிராணியான புதிதில், நுரை அடங்குமுன்னே எண்ணைப் படித்துவிட்டேன். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "நுரை அடங்கட்டும் ஐயா, அப்புறம் பாருங்க" என்றார். மறுபடி பார்த்தேன்; எண் குறைந்திருந்தது. "உள்ளதை எழுதுங்க" என்றார் அவர். வெட்கித் தலைகுனிந்தேன்.

நாம் கேட்பதும் அதுவே. கூடுதலன்று, உள்ளது! கருவி சுத்தமாக இருக்கட்டும். தண்ணீரின் அளவு சரியாக இருக்கட்டும். எண்ணைத் தொழிலாளி முன்னிலையில் உரக்கப் படிக்கட்டும். ஐயம் எழுந்தால், நிறுத்த பாலை அமிலம் விட்டு உறையவைத்து, அழுத்தி, உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்க்கட்டும். பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் அதுவே உரைகல்.

கிராணி காட்டட்டும், தொழிலாளி பார்க்கட்டும்!