கொட்டிய மண்ணும் குடியிருக்கும் மக்களும்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எல்லோரும் ஒரு நிமிடம் குனிந்து காலடியைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது? மண் என்று சொல்வீர்கள். அது எந்த மண்? எங்கிருந்து வந்தது? அதைக் கொண்டு வந்தது யார்?

கிராமத்தில் கேட்டால் உடனே பதில் வரும். "இது கரிசல். அது செம்மண். ஆற்றங்கரையில் இருப்பது வண்டல்" என்பார்கள். பாட்டன் காலத்திலும் அதே மண்தான். நகரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நகரத்தில் பல இடங்களில் மண் தானாக உண்டாகவில்லை. அது மாட்டு வண்டியில் வந்தது. லாரியில் வந்தது. பெண்களின் தலைச்சுமையாக வந்தது. மனிதர்கள் கொண்டு வந்து கொட்டிய மண் அது. அந்த மண்ணைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கடலில் இருந்து எடுத்த ஊர்

மும்பை நகரம் முன்பு ஒரே நிலமாக இல்லை. ஏழு தீவுகளாக இருந்தது. நடுவில் கடல் நீர் ஏறி இறங்கும். 1784-ஆம் ஆண்டு வாக்கில் வொர்லி அருகே ஒரு பெரிய அணை கட்டி முடித்தார்கள். கடல் உள்ளே வருவது நின்றது. 1838-ல் கொலாபாவுக்குப் பாதை போட்டார்கள். 1845-ல் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே பாதை போட்டார்கள். குன்றுகளை வெட்டினார்கள். அந்தக் கல்லையும் மண்ணையும் பள்ளங்களில் கொட்டினார்கள். இப்படித்தான் ஏழு தீவுகள் ஒரு நகரம் ஆயின.

மாஹிம் கழிமுகத்தின் ஓரத்தில் தாராவி இருக்கிறது. முதலில் அங்கே மீன் பிடிக்கும் கோலி மக்கள் வாழ்ந்தார்கள். பிறகு சௌராஷ்டிரத்தில் இருந்து குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தமிழர்கள் வந்தார்கள். பலர் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். அன்று அங்கே இருந்தது சதுப்பு நிலம். காலை வைத்தால் சேறு இழுக்கும். அந்தச் சேற்றில் குப்பையைப் போட்டார்கள். கல்லையும் மண்ணையும் போட்டார்கள். மிதித்து மிதித்து மேடாக்கினார்கள். அதன் மேல் குடிசை கட்டினார்கள். அரசாங்கம் கொடுத்த நிலம் அல்ல அது. கூலி வேலை செய்து களைத்த கைகள் உண்டாக்கிய நிலம்.

கொல்கத்தாவிலும் இப்படி ஒரு கதை உண்டு. அங்கே உப்பு ஏரி என்ற தாழ்ந்த சதுப்பு இருந்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்தில் அதை நிரப்பத் திட்டம் போட்டார்கள். 1960-களில் ஹூக்ளி ஆற்றின் அடியில் இருந்து வண்டலை எடுத்தார்கள். தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக அனுப்பினார்கள். அந்த வண்டல் படிந்த இடம் இன்று பிதான் நகர்.

இரண்டு மண்ணுக்கும் என்ன வேறுபாடு?

இயற்கை மண் மெல்ல மெல்ல உண்டாகிறது. பாறை உடைகிறது. இலை மக்குகிறது. புழு உழுகிறது. ஒரு அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். மேலே கறுப்பான சத்து மண். அதன் கீழே கெட்டி மண். அடியில் பாறை.

கொட்டிய மண்ணில் அந்த ஒழுங்கு இல்லை. ஒரு நாள் வந்த லாரியில் முரம் இருக்கும். அடுத்த நாள் வந்ததில் செங்கல் உடைசல் இருக்கும். அதற்கு அடுத்த லாரியில் சாம்பல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் இருக்கும். அதனால் இந்த வீட்டு வாசலில் ஒரு மண். பத்து அடி தள்ளி வேறொரு மண். இத்தகைய மண்ணை உலக மண் அறிஞர்கள் 2006-ல் தனி வகையாகவே சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு டெக்னோசால் என்று பெயர் வைத்தார்கள். மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்கு மனிதர்கள் செய்த பொருளாக இருந்தால், அது இந்த வகையில் சேரும். செங்கல், சிமென்ட், கண்ணாடி எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இந்த மண்ணின் குணங்கள்

முதல் குணம்: இறுக்கம். நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அந்த இடத்தில் காற்றும் தண்ணீரும் இருக்கும். வேர் அதன் வழியே ஓடும். கொட்டிய மண் மீது லாரி ஓடுகிறது. ஆட்கள் நடக்கிறார்கள். வெற்றிடம் நசுங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் அளவு நல்ல உலர்ந்த மண் ஏறக்குறைய 1.3 கிலோ இருக்கும். இறுகிய மண் 1.8 கிலோ வரை வரும். அதில் வேர் நுழையாது. மழைத் தண்ணீர் இறங்காது. மேலேயே நிற்கும். கொசு வளரும்.

இரண்டாவது குணம்: அமுங்குதல். புதைந்த குப்பை மக்கும்போது சுருங்கும். மேலே உள்ள தரை இறங்கும். அடியில் சேறு இருந்தால் அதுவும் பாரத்தால் மெல்ல அமுங்கும். இது பல ஆண்டுகள் நடக்கும். எல்லா இடமும் ஒரே அளவாக இறங்கினால் தொல்லை குறைவு. ஒரு மூலை இரண்டு அங்குலம் இறங்கி, மறு மூலை அப்படியே இருந்தால் என்ன ஆகும்? சுவர் சாய்வாக வெடிக்கும். கதவு மூடாது. தண்ணீர்க் குழாய் உடையும். உடைந்த குழாயின் தண்ணீர் மண்ணை அரிக்கும். தரை இன்னும் இறங்கும்.

மூன்றாவது குணம்: சுண்ணாம்பும் உப்பும். சிமென்ட், பழைய காரை எல்லாவற்றிலும் சுண்ணாம்பு இருக்கிறது. அது மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். கடல் ஓரச் சதுப்பை நிரப்பிய இடத்தில் உப்பும் மேலே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, செங்கல் சுவரில் உப்புத் தண்ணீர் ஏறும். சுவர் வெள்ளையாகப் பூக்கும். பூச்சு உதிரும்.

நான்காவது குணம்: வாயு. காற்றுப் படாமல் குப்பை அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். அது எரியக் கூடியது. மும்பையில் தேவனார் குப்பை மேடு 1927-ல் இருந்து உள்ளது. 2016 ஜனவரியில் அங்கே பெரும் தீ பிடித்தது. பல நாள் புகை பரவியது. குழந்தைகளும் முதியவர்களும் மூச்சு விடத் திணறினார்கள்.

ஐந்தாவது குணம்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது. பெட்ரோலிலும் ஈயம் சேர்த்தார்கள். இந்தியாவில் ஈயம் சேர்த்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் நின்றது. பழைய பேட்டரி உடைக்கும் இடத்திலும் ஈயம் சிந்தும். தோல் பதனிடும் இடங்களில் குரோமியம் பயன்படும். ஈயம் மக்காது. அழியாது. மழை வந்தாலும் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும்.

இதனால் அதிகம் கெடுவது யார்? குழந்தைகள். குழந்தை மண்ணில் விளையாடும். அதே கையை வாயில் வைக்கும். பெரியவர் உடம்பை விடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது. இரத்தம் குறையும். "பிள்ளை மந்தம்" என்று தாய் தலையில் அடித்துக்கொள்வாள். குற்றம் பிள்ளையிடம் இல்லை. மண்ணில் இருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

மண்ணை அறியப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று சோதனைகளை எவரும் செய்யலாம்.

ஒன்று: ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். அசைக்காமல் வையுங்கள். மணல் முதலில் அடியில் தங்கும். வண்டல் அதன் மேல் படியும். களி கடைசியில் படியும். அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எது எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு: ஒரு அடி ஆழக் குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றிய பின் மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு அங்குலம் கூட இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது.

மூன்று: உலர்ந்த மண்ணின் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம்.

ஈயத்தை மட்டும் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. பார்த்தால் தெரியாது. முகர்ந்தால் தெரியாது. ஆய்வுக் கூடத்தில்தான் சோதிக்க வேண்டும். குழந்தையின் உடம்பில் ஈயம் உண்டா என்பது இரத்தச் சோதனையில் தெரியும்.

என்ன செய்யலாம்?

வீடு கட்டுபவர் முதலில் ஒரு குழி வெட்டிப் பார்க்க வேண்டும். கொட்டிய மண் எத்தனை அடி? பழைய தரை எங்கே தொடங்குகிறது? அஸ்திவாரம் உறுதியான தரையில் உட்கார வேண்டும். அடியில் ஆழமான சேறு இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் மாடி எழுப்பக் கூடாது. புதிதாக மண் நிரப்பும்போது மொத்தமாகக் கொட்டக் கூடாது. அரை அடி அரை அடியாகப் போட வேண்டும். தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். குப்பை கலந்த மண்ணை வாங்கவே கூடாது.

கீரை போடும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சந்தேகமான மண்ணில் நேராக விதைக்காதீர்கள். தொட்டியிலோ, செங்கல் அடுக்கிய மேட்டுப் பாத்தியிலோ நல்ல மண் போடுங்கள். மக்கிய உரம் நிறையச் சேருங்கள். உரம் மண்ணைத் தளர்த்தும். ஈயத்தைப் பிடித்து வைத்து, வேரில் ஏறுவதைக் குறைக்கும். இப்படிப்பட்ட மண்ணில் முள்ளங்கி, கேரட், கீரை வகைகளை விடக் கத்தரி, தக்காளி, வெண்டை போன்றவை மேல். காய்களில் ஈயம் குறைவாகவே சேரும். எதைப் பறித்தாலும் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். இலையில் ஒட்டிய தூசியில்தான் நஞ்சு அதிகம்.

குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெறும் மண் தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். வாசலில் புல்லோ செடியோ வளர்த்தால் தூசி எழும்பாது. செருப்பை வெளியே விடுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

கொட்டும் இடம் முக்கியம்

இன்னும் ஒன்று உண்டு. எல்லாப் பள்ளமும் நிரப்ப வேண்டிய பள்ளம் அல்ல. சில பள்ளங்கள் தண்ணீர் தங்கும் வீடு. மும்பையில் மிட்டி ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் சதுப்பு இருந்தது. அதை நிரப்பிப் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டினார்கள். ஆறு ஒடுங்கியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் போக வழி இல்லை. வீடுகளுக்குள் புகுந்தது. பல நூறு பேர் இறந்தார்கள். அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தவிக்கும். ஆனால் ஆற்றின் இடத்தை அடைத்ததால் துன்பம் இன்னும் பெருகியது.

தலைச்சுமையாகக் குப்பை சுமந்து, குடிசை அளவு மேடாக்கியவர் வேறு வழி இல்லாமல் செய்தார். ஆயிரம் லாரி வைத்து ஆற்றை ஒடுக்கியவர் அப்படி அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயம் இல்லை.

இடித்த செங்கல்லும் கான்கிரீட்டும் வீணும் அல்ல. அவற்றை உடைத்துச் சலித்து மறுபடி கல்லாகவும் மணலாகவும் பயன்படுத்தலாம். தில்லியில் புராரி என்ற இடத்தில் இதற்கு ஆலை அமைத்தார்கள். 2016-ல் மத்திய அரசு கட்டட இடிபாடுகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டு வந்தது. இடிபாட்டைச் சாலை ஓரத்திலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது என்பது அதன் நோக்கம்.

தாய்மார்களே! பெரியவர்களே! எழுத்து தெரியாத காலத்தில் லாரியில் வந்த மண்ணை அப்படியே வாங்கிக் கொட்டினார்கள். இப்போது கையெழுத்துப் போடும் கை கேள்வியும் கேட்கலாம். "இது எங்கே எடுத்த மண்? இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேளுங்கள். தெருவில் மண் கொட்ட வந்தால் நகராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். நாளையும் இடத்தையும் அதில் எழுதுங்கள்.

சேற்றை நிலமாக்கிய மக்களுக்கு அந்த நிலத்தை நல்ல நிலமாக்கவும் தெரியும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பிடி வாசல் மண்ணைப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாளைக்கு மையத்துக்கு வரும்போது அந்தப் பாட்டிலைக் கொண்டு வாருங்கள். யார் வீட்டு மண் எப்படி என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.



யோசியுங்கள், பேசுங்கள்

1. உங்கள் தெரு முன்பு என்னவாக இருந்தது? வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா? அது நேராக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா?
3. மழை பெய்தால் உங்கள் வாசலில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது?