பொன்னாடையும் குடியுரிமையும்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஓர் அரசு தனிமனிதர் ஒருவருக்குக் குடியுரிமையை மரியாதையாக வழங்க முடியுமா? முடியும். அதற்குக் கௌரவக் குடியுரிமை என்று பெயர். கனடா நாடாளுமன்றம் 1985-இல், ஹங்கேரி யூதர்களின் உயிர்காத்த சுவீடன் தூதரக அதிகாரி ரவுல் வாலன்பெர்க்கிற்கு முதன்முதலாக இதை வழங்கியது. 2001-இல் நெல்சன் மண்டேலாவிற்கு வழங்கியது. இதைக் கொண்டு பாஸ்போர்ட் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. மேடையில் போர்த்தும் பொன்னாடை போன்றதுதான்!

2007-இல், பர்மாவில் வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூகிக்கும் கனடா இப்பொன்னாடையைப் போர்த்தியது. 2016-இல் அவர் ஆட்சிக்கு வந்தார். 2017 ஆகஸ்டில் பர்மா ராணுவம் ரோஹிங்யா முஸ்லிம்களின் கிராமங்களைக் கொளுத்தியது. 7 லட்சத்திற்கும் அதிகமானோர் வங்கதேசத்திற்கு ஓடினார்கள். சூகி ராணுவத்தைக் கண்டிக்கவில்லை. 2018-இல் கனடா நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டு, கொடுத்ததைத் திரும்பப் பெற்றன.

நம்மில் பலர் மகிழ்ந்தோம். ஆனால் சிந்தியுங்கள். சூகி இழந்தது ஒரு பொன்னாடை. ரோஹிங்யாக்கள் இழந்தது என்ன?

1982-இல் பர்மா ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்யா என்ற பெயரே இல்லை. ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்திற்கு உறுப்பினர்களை அனுப்பிய மக்கள் அவர்கள்! 2015-இல் அவர்கள் கையிலிருந்த தற்காலிக வெள்ளை அட்டையும் செல்லாமல் போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஓட்டும் போனது. முதலில் காகிதம், பிறகு ஓட்டு, கடைசியில் வீடு. பறிப்பு இந்த வரிசையில்தான் நடந்தது.

அந்த மண் நமக்கும் புதிதல்ல. ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள், 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது வெறுங்கையோடு கப்பலேறியதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

சூகியிடமிருந்து பறித்த பட்டத்தால் ஒரு ரோஹிங்யா குழந்தைக்கும் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. பட்டம் தருவதும் பறிப்பதும் அரசுகளுக்கு எளிது. உரிமையைத் திரும்பத் தருவதுதான் கடினம்.

ஆகவே சகோதரர்களே, பெரியவர்களுக்குப் பட்டம் கிடைத்தால் கைதட்டுங்கள், தவறில்லை. வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும் தந்தை பெயரும் பிழையின்றி இருக்கின்றனவா என்று பாருங்கள். நாளை காலை, உங்கள் கடையில் வேலை செய்யும் பையனிடமும் இதையே கேளுங்கள்.